ஸ்கேன் பண்ணாத ஸ்கேனர்

சித்திரை மாதத்து மத்தியானம். அந்த நேரத்து வேலூர் வெயிலில் அவசரம் இல்லாதவர் யாரும் ரோட்டுக்கு வரமாட்டார்கள். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஒருவர் சிபியுவைத் துண்டில் சுற்றி, டிவிஎஸ் எக்ஸெல்லில் காலுக்கு நடுவே நிறுத்திக்கொண்டு சத்துவாச்சாரியில் இருக்கும் என் கடைக்கு வந்து சேர்ந்தார்.

"தம்பி, அஞ்சு வைரஸ் பூந்துட்டுதாம். நேத்து ராத்திரியிலேர்ந்து கத்தினே கீது. ஃபார்மட் அடிச்சிக் குடுத்துடு."

"அஞ்சுன்னு யார் சார் சொன்னாங்க?"

"அதுவேதான் சொல்லுது."

ஃபார்மட் என்றால் டிஸ்க்கில் இருப்பதை எல்லாம் துடைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவது. அதற்கு முன் பார்த்துவிடலாம் என்று மானிட்டரில் மாட்டி நெட் கொடுத்தேன். இரண்டு நிமிடத்தில் வலது பக்கம் கீழ் மூலையில் சிவப்புக் கேடயத்தோடு ஒரு பெட்டி எழும்பியது. பிரபலமான ஒரு ஆன்ட்டிவைரஸ் கம்பெனியின் பெயர், அதே நிறம், அதே சின்னம். 'உங்கள் சந்தா முடிந்துவிட்டது, 5 வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது, இன்றைக்குள் புதுப்பித்தால் பாதி விலை.' முதல் நாள் இரவே கார்டு நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டாராம். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை ஆஃபில் இருந்ததால் பணம் போகவில்லை. அவர் அதை பேங்க் கோளாறு என்று நினைத்துத் திட்டிக்கொண்டிருந்தார்.

அந்தப் பெட்டியை உற்றுப் பார்த்தால் போதும், குட்டு வெளிப்பட்டுவிடும். ஓரத்தில் பொடி எழுத்தில் 'கூகுள் குரோம்' என்று இருந்தது. அதன் பக்கத்தில் வாயில் நுழையாத ஒரு வெப்சைட் பெயர். நிஜமான ஆன்ட்டிவைரஸின் எச்சரிக்கை எதற்கு குரோம் வழியாக வர வேண்டும்? குரோம் செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', அதற்குள் 'சைட் செட்டிங்ஸ்', அதற்குள் 'நோட்டிபிகேஷன்ஸ்' போனேன். திரையில் அறிவிப்புப் பெட்டி காட்ட அனுமதி பெற்ற தளங்கள் 11 இருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் இருக்கும் மூன்று புள்ளியைத் தொட்டு 'ரிமூவ்' கொடுத்தேன். விண்டோஸோடு வரும் ஆன்ட்டிவைரஸான டிஃபெண்டரில் ஒருமுறை ஸ்கேன் ஓட்டினேன். ஒன்றும் இல்லை. சத்தம் நின்றது.

வாத்தியாருக்குத் திருப்தியில்லை. "அவ்ளோதானா? ஃபார்மட் அடிக்கலியா?"

எப்படி வந்தது என்று விசாரித்தால், பேத்திக்காக டிஎன்பிஎஸ்சி பழைய வினாத்தாள் தேடியிருக்கிறார். ஏதோ ஒரு தளம், 'நீங்கள் ரோபோ இல்லை என்று உறுதிப்படுத்த அலோ பட்டனை அழுத்துங்கள்' என்று கேட்டிருக்கிறது. ரோபோ இல்லைதானே, அழுத்திவிட்டார். வைரஸ் எதுவும் உள்ளே போகவில்லை. வீட்டு வாசலில் நின்று கத்துவதற்கு ஒருவனுக்கு அனுமதிச் சீட்டு போயிருக்கிறது, அவ்வளவுதான்.

என் கடைக்கு 'வைரஸ்' என்று வருகிறவற்றில் இப்போது இந்த வகைதான் அதிகம். ஒரு வெப்சைட்டால் உங்கள் ஹார்ட் டிஸ்க்கை ஸ்கேன் செய்யவே முடியாது. தனக்குக் கொடுத்த கூண்டுக்கு வெளியே இருக்கும் ஃபைல்களை அது பார்க்க எந்த பிரவுசரும் விடாது. ஆனாலும் திரையில் பச்சைப் பட்டை ஓடும், ஃபைல் பெயர்கள் பறக்கும், பத்தே நொடியில் ஸ்கேன் முடிந்துவிடும். 1 டிபி டிஸ்க்கை முழுதாக ஸ்கேன் செய்ய நிஜ ஆன்ட்டிவைரஸுக்கு மணிக்கணக்கில் ஆகும். அப்படி ஒரு பக்கத்தை ஒருநாள் என் ஆண்ட்ராய்டு போனில் திறந்து பார்த்தேன். 'உங்கள் சி டிரைவில் வைரஸ்' என்றது. போனில் ஏது சி டிரைவ்!

சாமியில்லாத கோயில், தண்ணியில்லாத ஆறு என்று எங்கள் ஊரைக் கிண்டல் செய்வார்கள். கோட்டைக் கோயிலுக்கு 1981-ல் ஜலகண்டேஸ்வரர் திரும்பி வந்துவிட்டார். போலி ஆன்ட்டிவைரஸ் இன்னும் அந்தப் பழைய கணக்குதான். கோபுரம் இருக்கும், மணி அடிக்கும், உண்டியலும் இருக்கும். கருவறையில்தான் ஒன்றும் இருக்காது.

நிஜமாகவே உள்ளே உட்கார்ந்துகொள்ளும் ஜாதியும் உண்டு. 2008, 2009-ல் சர்வீஸ் கடை வைத்திருந்த எவரையும் கேளுங்கள், 'ஆன்ட்டிவைரஸ் எக்ஸ்பி 2008' என்ற போலியின் பெயரைச் சொன்னாலே தலையில் கை வைப்பார்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் அதிலேயே வைரஸ் என்று சொல்லி மூடிவிடுகிற ரகங்கள் அடுத்தடுத்து வந்தன. நீக்கும் டூலின் பெயரை, விண்டோஸின் சொந்த புரோகிராம் போலத் தெரிய 'எக்ஸ்ப்ளோரர்' என்று மாற்றி, மாறுவேஷத்தில் உள்ளே அனுப்புவோம். 2009 ஏப்ரலில், கம்ப்யூட்டர் விட்டுக் கம்ப்யூட்டர் தானே பரவும் கான்ஃபிக்கர் புழு, தன் பிடியில் இருந்த கம்ப்யூட்டர்களில் 'ஸ்பைப்ரொடெக்ட் 2009' என்ற போலியை இறக்கி 49.95 டாலர் கேட்டது. இப்படி 10 லட்சம் பேருக்கு மேல் ஏமாற்றிய ஒரு கும்பல் மீது அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2008 டிசம்பரில் நடவடிக்கை எடுத்தது. 2012-ல் வந்த தீர்ப்புத் தொகை 16 கோடி 30 லட்சம் டாலர். பயத்துக்கு அவ்வளவு விலை. ஆப்பிள்தானே என்று நிம்மதியாக இருக்கிறவர்களுக்கும் ஒரு தகவல்: 2011 மே மாதம் 'மேக் டிஃபெண்டர்' என்று ஒன்று அவர்களையும் தேடி வந்தது.

உங்கள் சிஸ்டத்தில் இருப்பது அசலா போலியா என்று பார்க்க, ஸ்டார்ட்டில் 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்று தட்டி, 'வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன்' உள்ளே போங்கள். இப்போது காவலுக்கு யார் இருக்கிறார்கள் என்று விண்டோஸே அங்கே சொல்லும். வேறு ஆன்ட்டிவைரஸ் வாங்கிப் போட்டிருந்தால் அதன் பெயர் இருக்கும், இல்லையென்றால் மைக்ரோசாப்ட் டிஃபெண்டர் இருக்கும். கத்துகிற ஆசாமியின் பெயர் அந்தப் பட்டியலிலேயே இல்லை என்றால், அதைப் போலி என்றே வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பிக்கலாம். இன்னொரு அடையாளம், கண்டுபிடிக்க இலவசம், நீக்க மட்டும் காசு என்கிற பேரம். 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதல் டிஃபெண்டர் கூடவே வருகிறது. அது கண்டுபிடித்ததை நீக்க ஒரு பைசா கேட்காது.

நீக்கும் விதத்துக்கு வருகிறேன். முதலில் நெட்டைத் துண்டியுங்கள். கேபிளைப் பிடுங்குங்கள் அல்லது வைஃபையை ஆஃப் செய்யுங்கள். திரை முழுக்க ஒரு பக்கம் அடைத்துக்கொண்டு நகர மறுத்தால் எஃப்11 அல்லது எஸ்கேப் அழுத்திப் பாருங்கள். மசியவில்லையா, கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும், பிரவுசரைத் தேர்ந்தெடுத்து 'எண்ட் டாஸ்க்' கொடுங்கள். மறுபடி திறக்கும்போது 'ரீஸ்டோர் பண்ணட்டுமா' என்று கேட்கும். வேண்டாம். கொடுத்தால் போன சனியன் திரும்ப வரும்.

பிறகு செட்டிங்ஸில் 'இன்ஸ்டால்டு ஆப்ஸ்' திறந்து, இன்ஸ்டால் ஆன தேதிப்படி வரிசைப்படுத்துங்கள். தொல்லை ஆரம்பித்த அதே நாளில் வந்திறங்கியவற்றைப் பாருங்கள். பெரும்பாலும் தனியாக வந்திருக்காது. ஒரு பிடிஎஃப் கன்வெர்ட்டர், ஒரு 'டிரைவர் அப்டேட்டர்', ஒரு 'பிசி கிளீனர்' என்று கூட்டாளிகளோடு இருக்கும். எல்லாவற்றையும் அன்இன்ஸ்டால் செய்யுங்கள். விட மறுத்தால் ஷிப்ட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுங்கள். ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ் என்று போய் ரீஸ்டார்ட் ஆனதும் 4-ஐ அழுத்தினால் சேஃப் மோட். அங்கே அது விழித்துக்கொள்ளும் முன்பே தூக்கிவிடலாம். புது லேப்டாப் வைத்திருப்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும்: டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருந்தால், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டிருந்தால், இந்த வழியில் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கலாம். பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாப்ட் அக்கவுண்டில் இருக்கும், முன்கூட்டியே எடுத்து எழுதி வையுங்கள்.

சிஸ்டம் ஆன் ஆனதும் தானே ஓடும் ஸ்டார்ட்டப் ஆப்ஸ், பிரவுசரில் ஒட்டிக்கொள்ளும் எக்ஸ்டென்ஷன் இரண்டையும் துழாவுங்கள். நெட்வொர்க் செட்டிங்ஸில் 'பிராக்ஸி' என்று ஒரு இடம் இருக்கிறது. வீட்டு சிஸ்டத்தில் அது ஆஃபில்தான் இருக்க வேண்டும். ஆனில் இருந்தால் உங்கள் நெட் யாருடைய கை வழியாகவோ போகிறது. குடியாத்தத்துக் கணக்கர் ஒருவரின் லேப்டாப்பில் போலியை நீக்கிய பிறகு நெட்டே வரவில்லை என்று அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால் அது விட்டுப்போன பிராக்ஸிதான்.

கடைசியாக, விண்டோஸ் செக்யூரிட்டியின் 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' உள்ளே 'மைக்ரோசாப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்'. கால் மணி நேரம்போல எடுக்கும், சிஸ்டம் தானே ரீஸ்டார்ட் ஆகும். விண்டோஸ் எழுந்திருக்கும் முன்பே தேடுவதால் ஒளிந்திருப்பதும் சிக்கும். இன்னொரு கண்ணும் பார்க்கட்டும் என்றால் மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பு போதும். மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2017 முதல் நடத்தும் சைபர் ஸ்வச்தா கேந்திராவிலும் இலவச டூல்கள் கிடைக்கின்றன.

திரையில் போன் நம்பர் வந்தால் கதை வேறு. மைக்ரோசாப்ட்டின் எரர் மெசேஜில் போன் நம்பர் வரவே வராது. கூப்பிட்டால், எங்கிருந்தோ உங்கள் சிஸ்டத்தை இயக்க உதவும் எனிடெஸ்க் மாதிரி ஒன்றைப் போடச் சொல்வான். விண்டோஸ் தன் தினசரி நிகழ்வுகளைப் பதிந்து வைக்கும் ஈவண்ட் வியூவரைத் திறந்து வரிசையாக இருக்கும் சிவப்புக் குறிகளைக் காட்டி 'பாருங்க, எவ்வளவு எரர்' என்பான். புத்தம்புது சிஸ்டத்திலும் அந்தச் சிவப்பு இருக்கும். சில வருடமாக இன்னொரு தந்திரமும் சுற்றுகிறது: 'சரிசெய்ய விண்டோஸ் பட்டனும் ஆர்-உம் அழுத்தி, கண்ட்ரோல் வி, என்டர்' என்று ஒரு பக்கம் சொல்லும். அந்தப் பக்கம் சத்தமில்லாமல் காப்பி செய்து வைத்த கட்டளையை நீங்களே ஒட்டி ஓட்டுகிறீர்கள், உங்கள் கையால் விஷத்தை ஊற்றிக்கொள்வதற்கான வழி அது. வேறொருவன் உங்கள் திரைக்குள் உலாவிவிட்டான் என்றால் மட்டும் நானே ஃபார்மட் சொல்வேன். கூடவே வேறு சாதனத்திலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். பணம் போயிருந்தால் பேங்க்கில் கார்டை பிளாக் செய்துவிட்டு உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். தாமதிக்கத் தாமதிக்க அந்தப் பணம் கை மாறிக்கொண்டே போகும்.

எங்கள் ஆட்களைப் பற்றியும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. எதற்கெடுத்தாலும் 'ஃபார்மட் அடிச்சிடலாம்' என்பது எங்களுக்குச் சுலபம், காசும் கூட வரும். போட்டுத் தருகிற ஆன்ட்டிவைரஸும் பல நேரம் காசு கட்டாமல் பூட்டை உடைத்த கிராக் பதிப்புதான், அதிலேயே என்ன ஒட்டியிருக்கிறதோ. கடை ஆரம்பித்த புதிதில் நானும் செய்தேன். ஒரு அம்மாவின் மகள் கல்யாண போட்டோ முழுக்க டெஸ்க்டாப்பில் இருந்ததைக் கேட்காமல் அடித்துவிட்டேன். வெறும் ஒரு பாப்அப்புக்காக. அந்த அம்மா சத்தம் போடவில்லை, அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

வாத்தியார் இரண்டு வாரம் கழித்து மறுபடி வந்தார். இந்த முறை பக்கத்து வீட்டுக்காரர் லேப்டாப். "நானே எல்லாத்தையும் எடுத்துட்டேன். சரியா எடுத்தேனான்னு மட்டும் பாரு தம்பி." சுத்தமாகத்தான் எடுத்திருந்தார். அந்த வேகத்தில் வாட்ஸ்அப் வெப்புக்கு இருந்த அனுமதியும் போயிருந்தது. அதை மட்டும் திரும்பப் போட்டுக் கொடுத்தேன்.