காற்றைக் கூட்டினால் குலுக்கல் குறையும்

உயரமான ஒரு உருளையில் நுண்ணிய பொடியைக் கொட்டி, அடியில் இருக்கும் துளைத்தட்டு வழியாகக் காற்றை ஊதினால் முதலில் ஒன்றும் நடக்காது. காற்று துகள்களின் இடுக்கில் புகுந்து மேலே போய்விடும், பொடி அப்படியே கிடக்கும். கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் காற்றின் இழுவை துகள்களின் மொத்த எடையையும் தாங்கிவிடும். அதற்கப்புறம் அந்தப் பொடி திரவம்போல நடந்துகொள்ளும்: லேசான மரத்துண்டு மிதக்கும், பக்கத்தில் துளை போட்டால் பீய்ச்சி அடிக்கும், உருளையைச் சாய்த்தாலும் மேல்மட்டம் மட்டமாகவே நிற்கும். இதுதான் பாய்மப் படுகை. ஆலைக்காரர்கள் ஃப்ளூயிடைஸ்டு பெட் என்பார்கள்.

இது பெரிய அளவில் வேலைக்கு வந்தது பெட்ரோல் தயாரிப்பில். 1942 மே மாதம் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் பேட்டன் ரூஜ் ரிஃபைனரியில் முதல் எஃப்சிசி (ஃப்ளூயிட் கேட்டலிட்டிக் கிராக்கிங்) யூனிட் ஓட ஆரம்பித்தது. கனமான எண்ணெயைச் சூடான கேட்டலிஸ்ட் (வினையூக்கி) பொடியோடு சேர்த்து உடைத்து பெட்ரோல் எடுக்கும் முறை அது, இன்று உலகம் முழுக்க இருக்கிறது, சென்னை மணலியிலும் இருக்கிறது. நான் சொல்ல வரும் விஷயத்துக்கு இந்தக் கேட்டலிஸ்ட்டைவிட நல்ல உதாரணம் கிடையாது.

அந்தப் பொடியின் சராசரித் துகள் சுமார் 60 முதல் 70 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). அது பாய்ம நிலைக்கு வரக் காற்று நொடிக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில் போனாலே போதும். அதற்கு மேல் கொஞ்ச தூரம் படுகை உப்பும், பிறகு அதிகப்படிக் காற்றெல்லாம் குமிழியாகக் கிளம்பிவிடும். கெட்டிக் கஞ்சி கொதிக்கும்போது அடியிலிருந்து எழும்பி வந்து மேலே பொத்தென்று வெடிக்குமே, அதே காட்சிதான். குமிழிகள் ஏறும் வழியில் ஒன்றோடு ஒன்று சேர்ந்து பெரிதாகும், காற்றைக் கூட்டக் கூட்ட இன்னும் பெரிதாகும், படுகை குலுங்கும், அழுத்தமானியின் முள் மேலும் கீழும் ஆடும்.

சரி, இன்னும் கூட்டினால் இன்னும் மோசமாகத்தானே குலுங்க வேண்டும்? அப்படி நடப்பதில்லை. இந்தக் கேட்டலிஸ்ட்டுக்கு நொடிக்கு ஏறக்குறைய அரை மீட்டரைத் தாண்டும்போது அழுத்தத்தின் ஆட்டம் உச்சத்தைத் தொட்டுவிட்டுக் குறைய ஆரம்பிக்கிறது. யெருஷல்மி, சான்குர்ட் என்ற ஆராய்ச்சியாளர்கள் 1979இல் இந்த உச்சத்தையே மாற்றம் தொடங்கும் எல்லைக்கல்லாக நட்டார்கள். அதற்கு அந்தப் பக்கம் இருப்பதுதான் டர்புலன்ட் பாய்மப் படுகை, கொந்தளிப்புப் படுகை.

பெயரைக் கேட்டால் ஏதோ கட்டுக்கடங்காத ரகளை என்று தோன்றும், ஆனால் அளந்து பார்த்தால் குமிழிப் படுகையைவிட இது சமர்த்து. காரணம் குமிழியின் ஆயுளில் இருக்கிறது. குமிழிகள் சேர்வதும் உடைவதும் எப்போதும் ஒன்றாகவே நடக்கின்றன. வேகம் குறைவாக இருக்கும்வரை சேர்வது ஜெயிக்கிறது, எல்லையைத் தாண்டினால் உடைவது ஜெயிக்கிறது. பெரிய குமிழியின் கூரை வழியாகத் துகள்கள் விரல்விரலாக உள்ளே இறங்கி அதைக் கிழித்துவிடுகின்றன. அப்புறம் உருண்டையான குமிழி என்று எதையும் காட்ட முடியாது, கோணல்மாணலான சின்னச் சின்ன வெற்றிடங்கள் வளைந்து நெளிந்து ஓடி, நொடிக்குள் கலைந்து, வேறு இடத்தில் முளைக்கின்றன. படுகையின் மேல்மட்டமும் தெளிவாகத் தெரியாது, அடர்த்தி மேலே போகப் போக மங்கிக்கொண்டே போகும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. 60 மைக்ரான் துகள் ஒன்றைத் தனியாகக் காற்றில் விட்டால் அது நொடிக்கு 15 சென்டிமீட்டர் அளவில்தான் விழும். மேல்நோக்கி அதைப்போல மூன்று நான்கு மடங்கு வேகத்தில் வாயு போகும்போது மொத்தப் பொடியும் புகைபோக்கி வழியாகப் பறந்திருக்க வேண்டாமா? பறப்பதில்லை, ஏனென்றால் துகள்கள் அங்கே தனித்தனியாக இல்லை, கொத்துக் கொத்தாகச் சேர்ந்து விழுகின்றன, கொத்துக்கு வேகம் அதிகம். அப்படியும் நிறைய துகள் மேலே அள்ளிக்கொண்டு போகப்படும். அதைப் பிடித்துத் திரும்பக் கீழே இறக்கத்தான் உச்சியில் சைக்ளோன்கள், அதாவது வாயுவைச் சுழலவிட்டுத் துகளைப் பிரிக்கும் கூம்புகள், தொங்குகின்றன.

இத்தனை பாடு எதற்கு என்றால், குமிழிக்குள் இருக்கும் வாயு கேட்டலிஸ்ட்டைச் சரியாகத் தொடாமலே மேலே தப்பிவிடும் என்பதற்காக. எஃப்சிசியில் கேட்டலிஸ்ட்டைச் சுத்தம் செய்யும் கலமான ரீஜெனரேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெயை உடைத்ததில் கேட்டலிஸ்ட் மேல் கரி படிந்திருக்கும், அதைச் சுமார் 700 டிகிரி செல்சியஸில் காற்று ஊதி எரிக்க வேண்டும், அந்தச் சூட்டைச் சுமந்துகொண்டு துகள்கள் மறுபடி எண்ணெயிடம் போகும். பெரிய குமிழிகளில் ஆக்ஸிஜன் தப்பினால் அது படுகைக்கு மேலே, துகள் அதிகம் இல்லாத இடத்தில், கார்பன் மோனாக்சைடோடு சேர்ந்து எரியும். சூட்டை வாங்கிக்கொள்ள அங்கே போதுமான துகள் இல்லாததால் வெப்பநிலை எகிறும், சைக்ளோன்கள் அடிவாங்கும். ஆஃப்டர்பர்ன் என்று ரிஃபைனரியில் பயத்தோடு சொல்வது இதைத்தான். அதனால்தான் ரீஜெனரேட்டர்களைப் பெரும்பாலும் டர்புலன்ட் நிலையில் ஓட்டுகிறார்கள்.

எல்லாம் நன்மை என்று சொல்ல மாட்டேன். கீழே விழும் கொத்துகள் வாயுவையும் கொஞ்சம் கீழே இழுத்துக்கொண்டு வரும். விளைபொருள் அதிக நேரம் உள்ளே தங்கினால் கெட்டுப்போகும் வினைகளுக்கு இது சங்கடம். 1960இல் சோஹியோ நிறுவனம் ஆலையளவில் தொடங்கிய அக்ரிலோநைட்ரைல் (அக்ரிலிக் இழைக்கு மூலப்பொருள்) தயாரிப்பில் புரோப்பிலீன், அம்மோனியா, காற்று மூன்றும் படுகைக்குள் வினைபுரிகின்றன. உருவான அக்ரிலோநைட்ரைல் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தால் அதுவும் எரிந்து கார்பன் டைஆக்சைடாகிவிடும்.

இன்னொரு தலைவலி, ஆய்வுக்கூடத்தில் பார்த்ததை நம்பி ஆலை கட்டுவது. ஐந்து சென்டிமீட்டர் குழாயில் குமிழி சீக்கிரமே குழாய் முழுவதையும் அடைத்துக்கொள்ளும், அதனால் அங்கே நாம் பார்க்கும் அந்த உச்சம் அடைப்பு உடைவதன் உச்சம். பத்து மீட்டர் அகல ரீஜெனரேட்டரில் சுவர் எங்கோ இருக்கிறது, கதையே வேறு. அழுத்தத்தை எந்த உயரத்தில், எப்படி அளக்கிறோம் என்பதைப் பொறுத்தும் எல்லை நகரும். ஆகவே நான் சொன்ன அரை மீட்டர் கணக்கைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அந்த எல்லையை இறக்கச் சுலபமான வழி, பொடியில் 45 மைக்ரானுக்குக் கீழான தூளைக் கொஞ்சம் வைத்திருப்பது. தூள் இருந்தால் குமிழி சின்னதாகவே உடையும், படுகை வழவழப்பாக ஓடும். சைக்ளோன் ஒன்று ஓட்டையானால் முதலில் பறந்துபோவதும் இந்தத் தூள்தான். மிச்சம் இருக்கும் பொடி பருமனாகும், குமிழிகள் பெரிதாகும், வினை குறையும், அதே காற்றுவேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ரியாக்டர் டர்புலன்ட் நிலையிலிருந்து குமிழி நிலைப் பக்கம் சரிய ஆரம்பித்துவிடும். அதனால் ஆலையில் கேட்டலிஸ்ட் மாதிரி எடுத்துத் துகள் அளவைத் தவறாமல் பார்க்கிறார்கள்.