சிக்கி நிற்கும் ட்ரோன் மோட்டார்

மூன்று விசிறிகள் சுழல்கின்றன. நான்காவது வெடுக்கென்று துடித்துவிட்டு நின்றுவிடுகிறது. மேலே எழ முயன்ற ட்ரோன் அந்த மூலைப் பக்கமாகச் சாய்ந்து குப்புறக் கவிழ்கிறது. உடனே பெரும்பாலோர் ரிமோட்டில் இன்னும் கொஞ்சம் விசையை ஏற்றிப் பார்ப்பார்கள். சிக்கல் தானாக விடுபட்டுவிடும் என்ற நம்பிக்கை. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். சின்னக் கோளாறோடு தப்பியிருக்க வேண்டிய மோட்டார் கருகிப்போவது பெரும்பாலும் அந்தச் சில நொடிகளில்தான்.

சுழலும் மோட்டார் எதுவாக இருந்தாலும் அதே வேளையில் அது ஒரு ஜெனரேட்டராகவும் இருக்கிறது. காந்தமும் கம்பிச்சுருளும் ஒன்றையொன்று கடந்து சுழலும்போது, பேட்டரிக்கு எதிர்த்திசையில் ஒரு மின்னழுத்தம் சுருளில் பிறக்கிறது. இதுதான் எதிர் மின்னியக்கு விசை. வேகம் கூடக்கூட அதுவும் கூடும். பேட்டரியிலிருந்து பாயும் மின்னோட்டத்தை அடக்கி வைப்பதே அதுதான். மோட்டார் நின்றுபோனால் அந்த எதிர்ப்பு பூஜ்யமாகிவிடும். தடுப்பதற்குக் கம்பியின் மின்தடை மட்டுமே மிஞ்சும்.

உதாரணமாக, 3.7 வோல்ட் பேட்டரியில் 1 ஓம் மின்தடை உள்ள சுருள் இணைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பறக்கும்போது 1 ஆம்பியர் பாய்ந்தால் சுருளில் 1 வாட் வெப்பம் உண்டாகும். அதே மோட்டார் சிக்கி நிற்கும்போது முழு விசை கொடுத்தால் 3.7 ஆம்பியர் பாயும். வெப்பம் ஏறக்குறைய 14 வாட். சில கிராம் எடையே உள்ள ஒரு பொருளுக்குள் இவ்வளவு வெப்பம். பறக்கும்போது குளிர்விக்கும் காற்றும் இப்போது இல்லை. கம்பியின் மேலுள்ள எனாமல் பூச்சு தீய்ந்தால் சுற்றுகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொள்ளும். சாதாரணத் தர நியோடிமியம் காந்தங்கள் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே வலுவை இழக்கத் தொடங்கும். ஆறிய பிறகும் இழந்த வலு முழுதாகத் திரும்பாது.

ஆகவே முதல் வேலை பேட்டரியைக் கழற்றுவது. அடுத்தது, விசிறியை விரலால் மெல்லச் சுழற்றிப் பார்ப்பது. விலை உயர்ந்த கருவிகள் சொல்வதைவிட அதிகமாக விரல் நுனி சொல்லும், எதை உணர வேண்டும் என்று தெரிந்திருந்தால்.

விளையாட்டுக்கான மிகச் சிறிய ட்ரோன்களில் இருப்பவை பிரஷ் மோட்டார்கள். சுழலும் சுருளுக்கு உரசியபடியே மின்சாரம் கடத்தும் தொடுமுனைதான் பிரஷ். பெரும்பாலும் 6 முதல் 8.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய் வடிவம். உள்ளே சுழலும் பகுதியில் இரும்பே கிடையாது. செப்புக் கம்பியை ஒட்டிச் செய்த வெற்றுக் கிண்ணம்தான் சுழல்கிறது. அதனால் விரலால் தட்டினால் தடங்கலின்றி வழுக்கிக்கொண்டு ஓடும். சற்றே பெரிய ட்ரோன்களில் பிரஷ் இல்லாத பிரஷ்லெஸ் மோட்டார்கள். இவற்றில் காந்தங்கள் பதித்த வெளிக்கூடு சுழலும். கம்பி சுற்றிய இரும்புப் பற்கள் உள்ளே அசையாமல் நிற்கும். 12 பற்கள், 14 காந்தங்கள் என்ற அமைப்பு மிகப் பரவலானது. காந்தம் ஒரு பல்லைவிட்டு அடுத்த பல்லுக்குத் தாவும்போது விரலில் சீரான ஒரு தடுக்கல் தெரியும். அது கோளாறு அல்ல. இரும்பும் காந்தமும் உள்ள மோட்டாரின் இயல்பு. சந்தேகம் வந்தால் நலமாக உள்ள மற்ற மூன்றையும் சுழற்றி ஒப்பிடுங்கள்.

இறுக்கமாக இருந்தால், நான் முதலில் சந்தேகப்படுவது தலைமுடியைத்தான். கம்பளம், புல்தரை, வீட்டு விலங்குகளின் ரோமம் எல்லாமே அதற்கு மூலம். நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்றுகள் சுழலும் தண்டில் ஒரு முடி மாட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் இறுகும். பிறகு தண்டு நுழையும் துளையின் வாயில் ஆப்பாக அடித்துக்கொள்ளும். விசிறி இருக்கும்போது அது கண்ணுக்கே தெரியாது. விசிறியைக் கழற்றி, நல்ல வெளிச்சத்தில் தண்டின் அடியைப் பார்த்தால் கருப்பு வளையம் ஒன்று தெரியும். அதைப் பிரித்தெடுக்க முயலாதீர்கள். ஊசி முனையால் குறுக்கே அறுத்து, துண்டுகளை நுண்ணிய இடுக்கியால் இழுத்தெடுப்பதே எளிது.

விசிறியைக் கழற்றும்போது ஒரு கவனம் வேண்டும். அழுத்திப் பொருத்தும் வகை விசிறியை விரலால் வெடுக்கென்று பிடுங்கினால் தண்டும் சேர்ந்து மேலே நகரக்கூடும். அடியில் நெம்பும் சிறு கருவியைக் கொடுத்து நேராக உயர்த்த வேண்டும். திரும்பப் பொருத்தும்போது அடிவரை அழுத்திவிடுவது இன்னொரு தவறு. விசிறியின் அடிப்பாகம் மோட்டாரின் உடலில் உரசும். கோளாறே இல்லாத மோட்டார் சிக்கியதுபோல் நடந்துகொள்ளும். இடையே மெல்லிய அட்டை நுழையும் அளவு இடைவெளி போதும்.

சுழற்றும்போது நறநறவென்று இருந்தால் உள்ளே மணல். பிரஷ்லெஸ் மோட்டாரில் காந்தத்துக்கும் பல்லுக்கும் இடையே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்குதான். நுண்ணிய துகளே அதை அடைத்துவிடும். வெறும் மணல் ஊதினால் போய்விடும். மணலோடு கலந்திருக்கும் கருப்பு இரும்புத் தாதுத் துகள்கள் அப்படிப் போகாது. காந்தத்தை விட மாட்டா. பலமாக ஊதினால் ஓரிடத்தைவிட்டு இன்னோரிடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். அடிப்பக்கத்தில் உள்ள சிறு கிளிப்பையோ திருகாணியையோ கழற்றி, வெளிக்கூட்டை நேராக மேலே இழுத்தெடுத்து, ஒட்டுநாடாவின் பசைப் பக்கத்தைக் காந்தங்களில் அழுத்தி அழுத்தி எடுக்க வேண்டும். தண்டில் இருக்கும் மெல்லிய வாஷர்கள் எந்த வரிசையில் இருந்தன என்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பப் பொருத்தும்போது காந்த இழுப்பில் கூடு சட்டென்று கீழே இறங்கும். விளிம்பில் விரல் இருக்கக் கூடாது.

ஒரு சுற்றில் ஒரே இடத்தில் மட்டும் பிடித்து மற்ற இடங்களில் தாராளமாக ஓடினால், தண்டு வளைந்திருக்கிறது அல்லது கூடு நசுங்கியிருக்கிறது. கண் மட்டத்தில் வைத்துச் சுழற்றினால் தள்ளாட்டம் தெரியும். இதை நிமிர்த்தும் முயற்சி அநேகமாகப் பலிக்காது, மாற்றுவதே நல்லது.

இன்னொரு வகை இறுக்கம் உண்டு, அதை அறிந்தவர்கள் குறைவு. நறநறப்பு இல்லை, உரசல் இல்லை; கெட்டியான எண்ணெய்க்குள் சுழல்வதுபோல் ஒரு மந்தம். இங்கேயும் மோட்டாரின் ஜெனரேட்டர் குணமே வேலை செய்கிறது. சுற்றுகள் எங்கோ தொட்டுக்கொண்டிருந்தால், நீங்கள் சுழற்றும்போது பிறக்கும் மின்னோட்டம் அந்த வளையத்திலேயே ஓடி, சுழற்சியை எதிர்க்கிறது. பிரஷ்லெஸ் மோட்டாரின் மூன்று கம்பிகளையும், அதற்கு மின்சாரம் செலுத்தும் வேகக் கட்டுப்பாட்டுப் பலகையிலிருந்து பிரித்துவிட்டு மறுபடி சுழற்றிப் பாருங்கள். மந்தம் மறைந்தால் பழுது பலகையில், மறையாவிட்டால் சுருளில். அண்மையில் மோட்டாரைக் கழற்றி மாட்டியிருந்தால், நீளமான திருகாணி எதுவும் அடியிலிருந்து சுருளைக் குத்துகிறதா என்று பாருங்கள்.

கையால் சுழற்றினால் எல்லாம் சரி, மின்சாரம் கொடுத்தால் மட்டும் முன்னும் பின்னும் துடிக்கிறது என்றால் மூன்று கம்பிகளில் ஒன்று அறுந்திருக்கலாம். கட்டுப்பாட்டுப் பலகை ஒரு நேரத்தில் இரண்டு கம்பிகளில் மின்சாரம் செலுத்தி, மூன்றாவதில் பிறக்கும் எதிர் மின்னழுத்தத்தைக் கவனித்தே காந்தம் எங்கே இருக்கிறது என்று அறிகிறது. 14 காந்தங்கள் உள்ள மோட்டாரில் ஒரு சுற்றுக்கு 42 முறை மின்சாரம் கம்பி மாற வேண்டும். நிமிடத்துக்கு 10,000 சுற்று என்றால் நொடிக்கு 7,000 மாற்றங்கள்! நின்றிருக்கும் மோட்டாரில் கவனிக்க எதுவும் இல்லை. முதல் சில அடிகளைப் பலகை குருட்டாம்போக்கில்தான் வைக்கிறது. ஒரு கம்பி அறுந்திருந்தால் அந்தத் தொடக்கத்தைத் தாண்டவே முடியாது. பிரஷ் மோட்டாரில் இதற்கு இணையான நோய் பிரஷ் தேய்மானம். தட்டிவிட்டால் ஓடும், மறுமுறை ஓடாது. அவை குறுகிய ஆயுள் கொண்டவை, மாற்றத்தான் வேண்டும்.

எண்ணெய் விடலாமா? பிரஷ்லெஸ் மோட்டாரின் பேரிங் வறண்டு கிறீச்சிட்டால் ஊசி முனையில் தொட்ட ஒரு துளி மெல்லிய எண்ணெய் போதும். துரு நீக்கும் ஸ்பிரேயை அடிக்காதீர்கள். அது இருக்கும் கிரீஸையும் கரைத்துவிடும். பிரஷ் மோட்டாரில் இன்னும் கவனம்: எண்ணெய் பிரஷ் வரை இறங்கினால் தேய்மானத் தூளோடு சேர்ந்து பிசினாகி, மின்தொடர்பைக் கெடுக்கும். உப்பு நீரில் விழுந்த ட்ரோன் என்றால் பேட்டரியைக் கழற்றிய கையோடு மோட்டாரை நல்ல தண்ணீரில் அலசி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் கழுவி, முழுக்க உலரவிட வேண்டும். உலர்ந்த உப்பு பேரிங்கை அரிக்கத் தாமதிக்காது.

சரிசெய்த பிறகு ட்ரோன் ஆடாமல் மிதக்கிறது என்பதை வைத்து மட்டும் நம்பிவிட முடியாது. விசிறியின் தூக்கு விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். வேகம் 10 சதவீதம் குறைந்தால் விசை 19 சதவீதம் குறையும். பறப்புக் கட்டுப்பாட்டுக் கணினி இதை உடனே உணர்ந்து, தளர்ந்த மோட்டாருக்குக் கூடுதல் மின்சாரம் கொடுத்துச் சமன்செய்துவிடும். குறை வெளியே தெரியாது, வெப்பமாக உள்ளே சேரும். அரை மீட்டர் உயரத்தில் ஒரு நிமிடம் மிதக்கவிட்டு இறக்கி, பேட்டரியைக் கழற்றி, நான்கு மோட்டார்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் உரசல் இன்னும் போகவில்லை. திரும்பத் திறந்து பாருங்கள். அப்படியும் தீராவிட்டால் புதியது வாங்குங்கள். பிரஷ் மோட்டார் என்றால் பழையதன் கம்பி நிறங்களைப் பார்த்து அதே நிறத்தில் வாங்க வேண்டும். வலமாகச் சுழல்வதற்கும் இடமாகச் சுழல்வதற்கும் நிறங்கள் வேறு. பெரும்பாலும் ஒன்று சிவப்பும் நீலமும், மற்றது கருப்பும் வெள்ளையும்.