ஸ்பீடு ஹேண்டிலால் வீல் நட்டை முடுக்காதீர்கள்

கம்பம்மெட்டு மலைப்பாதையில் பின்சக்கரம் ஆட ஆட ஓட்டிவந்த இன்னொரு ஜீப் என் பட்டறையில் நிற்கிறது. ஐந்து நட்டில் இரண்டைக் காணோம். மிச்சமிருந்தவற்றை விரலாலேயே திருக முடிந்தது. ரிம்மில் வட்டமாக இருக்க வேண்டிய ஓட்டைகள் முட்டை வடிவத்துக்கு வந்துவிட்டன. ரிம்மைக் கோத்து நட்டை ஏற்றுகிற போல்ட்டான ஸ்டட்டின் மரை ஒரு பக்கம் தேய்ந்து பளபளக்கிறது. “நேத்துதாண்ணே எல்லா நட்டையும் நானே முடுக்கினேன்” என்றார் வண்டிக்காரர். எதை வைத்து என்று கேட்டேன். சீட்டுக்கு அடியிலிருந்து, துணியில் சுற்றி வைத்திருந்த ஒரு ஸ்பீடு ஹேண்டிலை, நட்டை வேகமாகச் சுழற்றி ஏற்றுகிற வளைகம்பியை, எடுத்துக் காட்டினார். அமெரிக்கச் சாமான். அழகாகத்தான் இருந்தது.

இதே கதையைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டதால்தான் எழுத உட்கார்ந்தேன். விடியலில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு கம்பத்திலிருந்து மலையேறுகிற டிரைவர்களுக்கு இது தேவையில்லை. அவர்கள் டீ குடிக்க இறங்கினால்கூட நான்கு சக்கரத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் கிளாஸைக் கையில் வாங்குவார்கள். நான் சொல்ல வேண்டியது பழைய வில்லிஸ் ஜீப்பையும் மஹிந்திரா ஜீப்பையும் தேடி வாங்கிப் புதுப்பித்து, அதற்குப் பொருத்தமாகப் பழைய டூல்ஸும் சேர்க்கிற தம்பிகளிடம். கம்பம், போடி, குமுளி, கட்டப்பனை என்று மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இந்த ஆசை பரவிவிட்டது. ஆசை தப்பில்லை. எனக்கும் உண்டு, பட்டறைச் சுவரில் வரிசையாகத் தொங்கவிட்டிருக்கிறேன்.

ஸ்பீடு ஹேண்டில், ஸ்பீடு பிரேஸ், எப்படிச் சொன்னாலும் சாமான் ஒன்றுதான். நீளமான எஃகுக் கம்பியை நடுவில் ‘ப’ மாதிரி வளைத்திருப்பார்கள். ஒரு முனையில் தானாகச் சுற்றும் குமிழ், மறுமுனையில், நட்டைக் கவ்வும் சாக்கெட்டை மாட்டும் சதுரம். இடது உள்ளங்கையால் குமிழை அழுத்திப் பிடித்து, வலது கையால் வளைவைச் சுழற்றினால் நீளமான மரையில் நட்டு சரசரவென்று இறங்கும். காற்றில் ஓடும் கன் பட்டறைக்கு வருவதற்கு முன்னால் வேகம் என்றால் இதுதான். ஃபோர்டு மாடல் டி ஓடிய காலத்தில் ஒரே அளவு சாக்கெட்டை நிலையாகப் பொருத்தி, ஒரே வேலைக்கென்றே செய்தார்கள். அப்புறம் சாக்கெட்டைக் கழற்றி மாற்றுகிற வகை வந்தது. 1920இல் அமெரிக்காவின் மில்வாக்கியில் ஸ்நாப்-ஆன் என்கிற டூல்ஸ் கம்பெனி தொடங்கியதே ஐந்து ஹேண்டில், பத்து சாக்கெட் என்கிற யோசனையில்தான். பிளாக்ஹாக், பிளம், பானி என்று பெயர் குத்திய பழைய ஹேண்டில் கிடைத்தால் வாங்கி வையுங்கள். ஆயில் சம்ப், டேப்பெட் கவர், கியர்பாக்ஸ் மூடி மாதிரி வரிசையாகப் பல போல்ட் இருக்கும் இடத்தில் இன்றைக்கும் எனக்கு இதுதான் கைக்கு வரும். கரன்ட் வேண்டாம், கம்ப்ரசர் வேண்டாம், போல்ட் கோணலாகப் போனால் கைக்கு உடனே தெரியும்.

ஆனால் இது இறக்குகிற ஆயுதம், இறுக்குகிற ஆயுதம் இல்லை. இதைச் சொன்னால் உடனே, “இல்லண்ணே, நல்லா கை வலிக்கிற வரைக்கும் முடுக்கினேன், அதுக்கு மேல நகரவே இல்ல” என்று பதில் வருகிறது. என்னைக் கோபப்படுத்துகிற வாக்கியம் இதுதான். நட்டு நகரவில்லை என்றால் டைட் ஆகிவிட்டது என்று யார் சொன்னது? நகராததற்குக் காரணம் உங்கள் ஹேண்டிலுக்கு அதற்கு மேல் தெம்பு இல்லாததுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வளைவின் ஆரம் சுமார் 10 சென்டிமீட்டர். சுழற்றுகிற கையால் அந்த நிலையில் 15 கிலோ, மிஞ்சிப்போனால் 20 கிலோ விசை கொடுக்கலாம். ஆக நட்டுக்குக் கிடைக்கிற முறுக்குவிசை ஒன்றரை, மிஞ்சிப்போனால் 2 கிலோகிராம்-மீட்டர். பழைய ஜீப் வீல் நட்டுக்கு வேண்டியது எட்டிலிருந்து பத்து. கால்வாசியைத் தாண்டவில்லை. உடம்பைச் சாய்த்து, மூச்சைப் பிடித்து முடுக்கினாலும் இந்தக் குட்டை வளைவை வைத்து வேண்டிய அளவு வராது. கை வலிப்பதற்கும் நட்டு இறுகுவதற்கும் சம்பந்தமே கிடையாது.

இறுகுவது என்றால் என்ன என்பதிலேயே குழப்பம் இருக்கிறது. நட்டு ரிம்மைத் தொட்டு நின்றுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். லாரியில் லோடு கட்டும்போது கயிறு மூட்டையைத் தொட்டதும் விட்டுவிடுவீர்களா? காலை ஊன்றி இழுத்து, கயிறு விறைக்கிற வரை கட்டினால்தானே லோடு நிற்கும். ஸ்டட்டும் அதேதான். நட்டு போய் முட்டிய பிறகு, அதற்கு மேல் கொடுக்கிற முடுக்கில்தான் ஸ்டட் கண்ணுக்குத் தெரியாத அளவு நீளுகிறது. அந்த விறைப்புதான் ரிம்மை டிரம்மோடு சேர்த்துப் பிடிக்கிறது. விறைப்பு இல்லாவிட்டால் ரிம் ஒவ்வொரு சுற்றிலும் மயிரிழை நகரும், நட்டு தானாகக் கழலும். சமதளத்தில் சில நாள் தாக்குப்பிடிக்கலாம். மெட்டு ரோட்டில் வளைவுக்கு வளைவு பாரம் ஒரு பக்கமாகச் சாயும்போது தாங்காது. முதலில் சொன்ன அந்த ஜீப்புக்குள் அவருடைய மனைவி, பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

சரி, செய்ய வேண்டியது இதுதான். முதல் மூன்று நான்கு மரை விரலால் மட்டும் ஏற்றுங்கள், அப்போதுதான் மரை மாறி ஏறாது. பிறகு ஸ்பீடு ஹேண்டிலால் இறக்கிக்கொள்ளுங்கள், ஆசை தீரச் சுற்றுங்கள். நட்டு முட்டியதும் அதைக் கீழே வைத்துவிட்டு வீல் ஸ்பேனரை எடுங்கள், ஒன்றுவிட்டு ஒன்றாக எதிரெதிர் நட்டை முடுக்கிக்கொண்டே வாருங்கள். வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கிய பிறகு எவ்வளவு முடுக்குகிறோம் என்று அளவு காட்டும் டார்க் ரெஞ்சால் கடைசி முடுக்கு. டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் ஊரில் யாரிடமாவது இருக்கும், கேளுங்கள், வெட்கம் வேண்டாம். 50, 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒரு தரம் பார்க்க வேண்டும். புதுப்பித்த வண்டிக்கு இது ரொம்ப முக்கியம். ரிம்முக்கு அழகாகப் பெயின்ட் அடிக்கும்போது நட்டு உட்காரும் குழியிலும் சேர்த்து அடித்துவிடுகிறீர்கள். ஓட ஓட அந்தப் பெயின்ட் நசுங்கும், சரியாக முடுக்கிய நட்டும் தளரும். குழியில் பெயின்டைச் சுரண்டிவிட்டு மாட்டுங்கள்.

இன்னொன்று, பழைய வில்லிஸில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடமரை, அதாவது இடப்பக்கம் திருகினால் இறுகும். இது தெரியாமல், வழக்கமாகக் கழற்றுகிற திசையில் திருகி, இன்னும் இறுக்கி, ஸ்டட்டை முறித்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. பல ஸ்டட்களின் முனையில் ‘எல்’ எழுத்து குத்தியிருக்கும். துரு மூடியிருந்தால் துடைத்துப் பாருங்கள்.

கழற்றுவதற்கும் ஸ்பீடு ஹேண்டிலைப் பயன்படுத்தாதீர்கள். துருப்பிடித்த நட்டில் மாட்டி, வளைவில் சுத்தியலால் தட்டுகிறார்கள், பைப்பைச் செருகுகிறார்கள். அந்தக் கம்பி ஸ்பிரிங் மாதிரிதான், முறுக்கி நிற்கும்போது சாக்கெட் வழுக்கினால் நேராக வந்து பல்லில் அடிக்கும். குமிழை அறுத்தெறிந்துவிட்டு, மிச்சத்தை டிரில் மெஷினில் பொருத்தி ஓட்டிய ஒரு மகானுபாவரையும் பார்த்திருக்கிறேன். பழைய குரோம் சாக்கெட்டை, அடித்து அடித்துச் சுழற்றுகிற இம்பாக்ட் கன்னில் மாட்டுவது அதைவிட மோசம். கையால் திருகுவதற்குச் செய்த சாக்கெட் அது, அடி தாங்காது, வெடித்துச் சிதறும். கன்னுக்கு என்றே கறுப்பு சாக்கெட் தனியாக விற்கிறது. குரோம் உரிந்து தூக்கிக்கொண்டு நிற்கிற சாக்கெட்டைக் கையாலும் தொடாதீர்கள், பிளேடு மாதிரி கிழிக்கும்.

அளவு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. வண்டிப்பெரியார், பீர்மேடு பக்கம் மூடிக்கிடக்கிற தேயிலைத் தொழிற்சாலைகளின் பழைய இரும்பில் பிரிட்டிஷ் சாமான் வரும். அதில் 1/4 டபிள்யூ (விட்வொர்த் என்கிற பழைய பிரிட்டிஷ் அளவு) என்று குத்தியிருந்தால் அது போல்ட்டின் விட்டம், நட்டின் அகலம் இல்லை. வாயை அளந்தால் 13.3 மில்லிமீட்டர் வரும். அமெரிக்க சாக்கெட்டில் 1/2 என்றிருந்தால் அது நட்டின் அகலம், 12.7 மில்லிமீட்டர். இரண்டையும் 13 என்று நினைத்து மாட்டினால் ஒன்று லூசு, மற்றொன்று ஏறாது. லூசாக நிற்பதைச் சுழற்றினால் நட்டின் மூலை மழுங்கிவிடும், அப்புறம் உளிதான். 3/4 அங்குலமும் 19 மில்லிமீட்டரும் ஏறக்குறைய ஒன்று, அதனால்தான் ஜீப் வீல் நட்டுக்கு 19 பொருந்துகிறது. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு எல்லாமே பொருந்தும் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். ஹேண்டிலின் சதுரத்தையும் அளந்து வாங்குங்கள். பழையவற்றில் 7/16, 9/32 என்று இப்போது சாக்கெட்டே கிடைக்காத அளவுகள் உண்டு. டேப் சுற்றிப் பொருத்துவது, அரத்தால் ராவுவது எல்லாம் வேண்டாம். அப்படிப்பட்டவை சுவருக்கு.

இனி சுத்தம் செய்வது. இதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் குரோமியம் ராணுவத் தேவைக்குப் போய்விட்டது. அப்போது செய்த டூல்ஸில் பலவற்றுக்குக் காட்மியம் முலாம் பூசினார்கள். குரோம் மாதிரி முகம் தெரியாது. மங்கின வெள்ளி நிறம், சிலதில் லேசாக மஞ்சள் ஓடியிருக்கும். துத்தநாக முலாமும் பார்வைக்கு அப்படித்தான். கண்ணால் பிரித்துச் சொல்ல முடியாது, ஆகவே மங்கல் முலாம் எல்லாவற்றையும் காட்மியம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

காட்மியம் விஷம். உடம்புக்குள் போனால் சிறுநீரகத்தில் தங்கி, அதில் பாதி போகவே பத்து முப்பது வருடம் ஆகும். ஜப்பானில் ஜின்சு ஆற்றங்கரையில் சுரங்கக் கழிவு வயலுக்குப் பாய்ந்து, அந்த அரிசியைச் சாப்பிட்டவர்களின் எலும்பு நொறுங்கியது இதனால்தான். ஒரு ஸ்பேனரால் அந்த அளவுக்கு ஆகாது. அதற்காக அதை கிரைண்டரில் வயர் பிரஷ் போட்டுத் தேய்த்து, பறக்கிற தூளை முகத்தில் வாங்கிக்கொள்ள வேண்டுமா? உப்புத்தாளும் கூடாது. வளைந்த கம்பியை நிமிர்த்துகிறேன் என்று கேஸ் வெல்டிங் நெருப்பைக் காட்டவே கூடாது. காட்மியம் 321 டிகிரியிலேயே உருகிவிடும், அந்தப் புகையைச் சுவாசித்தால் உடனே ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்துக் காய்ச்சல், நெஞ்சு இறுக்கம் வரும், ஆளே போகலாம். அப்படி வந்தால் சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை போட்டுப் படுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய், என்ன செய்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். நெருப்பு காட்டினால் எஃகின் பதமும் போய்விடும் என்பது தனி.

கையுறை போட்டு, மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் ஈரமாகவே துடையுங்கள். வந்த வரைக்கும் போதும், மேலே ஒரு கை எண்ணெய். துடைத்த துணியையும் அழுக்கு மண்ணெண்ணெயையும் மூடி போட்ட டப்பாவில் தனியாக வையுங்கள், கிணற்றடியிலோ தோட்டத்து ஓடையிலோ ஊற்றாதீர்கள்.

போன வாரம் குமுளியிலிருந்து வந்த ஒரு சேட்டன் பெருமையாகச் சொன்னார், புளிக்கரைசலில் ஊறப்போட்டால் துரு சூப்பராக விடுகிறதாம். விடும்தான். முலாம் இல்லாத வெறும் இரும்புக்கு நல்ல வைத்தியமும்கூட. ஆனால் புளிப்பு பட்டால் காட்மியம் கரைந்து தண்ணீரோடு கலந்துவிடும். எதில் ஊறப்போட்டீர்கள் என்றேன். சமையலறையில் இருந்த அலுமினியச் சட்டியிலாம், அன்று சாயங்காலமே கழுவி மீன்குழம்பும் வைத்தார்களாம். ஐயா, அந்தச் சட்டியை இனி அடுப்பில் ஏற்றாதீர்கள். பட்டறையில் போல்ட் போட்டுவைக்க ஆகும். வீட்டுக்காரம்மாவுக்குப் புதுசாக ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுங்கள், ஸ்பீடு ஹேண்டிலுக்குக் கொடுத்த காசில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.