சோடியத்தின் மஞ்சளும் நீல்ஸ் போரின் அணு மாதிரியும்

மேலூரிலிருந்து பதினோராம் வகுப்பு மாணவி ஒருவர் கேட்கிறார்: “போரின் அணு மாதிரி ஹைட்ரஜனுக்குச் சரி. மற்ற அணுக்களில் எங்கே தோற்கிறது?”

முந்தைய கதை பாடத்தில் படித்ததுதான். தாம்சனின் அணுவில் நேர்மின்சுமை எங்கும் பரவியிருந்தது. 1909-இல் கைகரும் மார்ஸ்டெனும் உலோகத் தகட்டில் பட்ட ஆல்ஃபா துகள்கள் சில திரும்பி வருவதைப் பார்த்தபின் அது நிற்கவில்லை. ரூதர்ஃபோர்டு 1911-இல் சொன்ன அணுவிலோ, சுற்றும் எலக்ட்ரான் ஆற்றலை இழந்து விநாடியில் 6,000 கோடியில் ஒரு பங்கு நேரத்துக்குள் கருவில் விழுந்தாக வேண்டும். போர் 1913-இல் ஒவ்வொரு பாதைக்கும் ஒரு முழு எண் கொடுத்தார். ஹைட்ரஜனின் 656.3, 486.1 நானோமீட்டர் நிறமாலைக் கோடுகள் கணக்கில் அப்படியே வந்தன.

சோடியத்தில் அந்த ஒற்றை எண் போதவில்லை. அதன் மஞ்சள் ஒளி, வெளி எலக்ட்ரான் 3பி நிலையிலிருந்து 3எஸ் நிலைக்கு இறங்கும்போது வருகிறது. இரண்டுக்குமே எண் 3; எஸ், பி என்ற எழுத்துகள் எலக்ட்ரான் பரவியிருக்கும் வடிவத்தைக் குறிப்பவை. போரின் கணக்குப்படி இரண்டுக்கும் ஆற்றல் ஒன்றே. மஞ்சளே வரக் கூடாது! உண்மையில் 3எஸ் எலக்ட்ரான், உள்ளே இருக்கும் 10 எலக்ட்ரான்களின் திரையைத் தாண்டிக் கருவுக்கு அருகிலும் காணப்படும். அங்கே கருவின் 11 நேர்மின்சுமையும் திரையில்லாமல் இழுப்பதால் அதன் ஆற்றல் கீழே இறங்குகிறது. 3பி எலக்ட்ரான் அவ்வளவு உள்ளே போவதில்லை. இந்த ஏற்பாட்டால் விழும் இடைவெளி 2.1 எலக்ட்ரான்வோல்ட். நம் கண்ணுக்கு அது மஞ்சள். எனக்கு இயற்பியலில் இதைவிட அழகான கணக்கு இல்லை.

அந்த மஞ்சளும் ஒரு கோடல்ல, 589.0, 589.6 என இரண்டு. எலக்ட்ரானின் தற்சுழற்சி 3பி நிலையை இரண்டாகப் பிரிக்கிறது. தற்சுழற்சி என்ற கருத்தே 1925-இல்தான் வந்தது.

மதுரையில் இயற்பியல் பட்டப்படிப்பு உள்ள கல்லூரியின் ஆய்வகத்தில் இதை நேரில் பார்க்கலாம். சோடியம் விளக்கைப் போட்டதும் சிவப்புதான் தெரியும்; அது உள்ளே இருக்கும் நியான். சோடியம் ஆவியாகி நல்ல மஞ்சள் வர பத்து நிமிடம் போல விடுங்கள். ஒளியை நிறம் பிரிக்கும் கீற்றணி மில்லிமீட்டருக்கு 600 கோடுள்ளது என்றால் முதல் வரிசை 20.7 பாகையில் கிடைக்கும். அங்கே இரு கோடுகளுக்கும் இடையே 1.3 கலைதான் (ஒரு பாகைக்கு 60 கலை), பெரும்பாலும் ஒன்றாகவே தெரியும். நிறமாலைமானியின் தொலைநோக்கியை 45 பாகைக்குத் திருப்பி இரண்டாம் வரிசையைப் பிடித்தால் இடைவெளி 3.5 கலை. அப்போதும் ஒட்டியே தெரிந்தால் ஒளி நுழையும் பிளவு அகலமாக இருக்கிறது. மயிரிழையாகும் வரை திருகைக் குறுக்குங்கள்.

பேரையூர், உசிலம்பட்டிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு ஒரு நாளாவது இந்த ஆய்வகங்களைத் திறந்துவிட வேண்டும். அதற்கு ஆகும் செலவு பேருந்துக் கட்டணம் மட்டுமே.