ஸ்டேச்சருக்கு அந்தஸ்து எதற்கு?

பொதுவாழ்வில் பெயர் பெற்ற ஒருவர் மறைந்தால் போதும், ‘மிகப் பெரிய அந்தஸ்து கொண்ட தலைவர்’ என்று இரங்கல் செய்தி வந்துவிடுகிறது. ஆங்கில அறிக்கையில் ‘ஸ்டேச்சர்’ (stature: ஆள் உயரம், பிறர் மனதில் உள்ள மதிப்பு) என்று இருந்திருக்கும். அதை ‘ஸ்டேட்டஸ்’ என்று படித்து மொழிபெயர்த்திருக்கிறார்கள். (ஸ்ட்ரெச்சர் என்று படிக்காதவரை நல்லது.)

லத்தீனில் ‘ஸ்டாரே’ என்றால் நிற்றல். ‘ஸ்டாத்தூரா’ என்றால் நிற்கும் உயரம். பழைய பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தது. மதிப்பு என்ற பொருள் அதன்மேல் ஏறியது 19ஆம் நூற்றாண்டில்தான். சிலை, சட்டம், நிலை ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களும் இதே வேரில் முளைத்தவை. வேர் ஒன்று என்பதால் பொருளும் ஒன்றாகிவிடாது.

அந்தஸ்து கடன்சொல் என்பதல்ல என் குறை. அதற்கென்று ஒரு வேலை இருக்கிறது, அதை நன்றாகவே செய்கிறது. கேபினெட் அந்தஸ்து, மாநில அந்தஸ்து, சிறப்பு அந்தஸ்து: மூன்றும் உத்தரவு போட்டுக் கொடுப்பவை, உத்தரவு போட்டுப் பறிப்பவை. ஜம்மு காஷ்மீர் 2019இல் மாநில அந்தஸ்தை இழந்தது. புதுச்சேரி அதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஸ்டேச்சர் அப்படிக் கேட்டு வாங்குவதல்ல. வாரியத் தலைவர் பதவியும் அரசுக் காரும் கொடுத்து ஒருவரை அந்தஸ்தில் ஏற்றிவிடலாம். ஊர் அவரைப் பெரிய மனிதர் என்று ஒப்புக்கொள்ளாது. எந்தப் பதவியிலும் இல்லாத இன்னொருவர் வந்தால் கூட்டம் தானாக எழுந்து நிற்கும். முதலாமவருக்கு ஸ்டேட்டஸ், இரண்டாமவருக்கு ஸ்டேச்சர். இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால், ‘பதவி போனது, மதிப்பு போகவில்லை’ என்ற எளிய செய்தியைக்கூடத் தமிழில் சொல்ல முடியாமல் போகும்.

அந்தஸ்து பிடிக்காதவர்கள் ‘ஆளுமை’ என்று எழுதுகிறார்கள். இது இன்னும் மோசம். ஆளுமை ஒருவரிடம் இருப்பது. அவருடைய குணமும் போக்கும் சேர்ந்தது. ஸ்டேச்சர் பிறர் அவரை அளந்து சொல்வது. அறைக்குள் நுழைந்ததும் எல்லாரையும் அடக்கிவிடும் ஆளுமை ஒருவருக்கு இருக்கலாம், வெளியே அவருக்குக் காலணா மதிப்பு இல்லாமலும் இருக்கலாம். போதாக்குறைக்கு இப்போது எழுத்தாளர், நடிகர், சமையல்காரர் எல்லாருமே ‘ஆளுமைகள்’ ஆகிவிட்டார்கள். அந்தச் சொல்லின் முதுகில் இன்னொரு மூட்டையை ஏற்ற வேண்டாம்.

தேடி அலைய வேண்டியதில்லை, ‘உயர்வு’ இருக்கிறது. ‘வெள்ளத் தனைய மலர்நீட்டம் மாந்தர்தம் உள்ளத் தனையது உயர்வு’ (595). பூவின் தண்டு நீள்வதையும் மனிதர் உயர்வதையும் ஒரே மூச்சில் சொல்கிற குறள் இது. ஸ்டேச்சரின் இரண்டு பொருளும் இதற்குள் இருக்கின்றன.

பல இடங்களில் பெயர்ச்சொல்லே வேண்டாம். தமிழில் இதை வினைதான் சுமக்கும். ஸ்டேச்சர் கூடியது என்று வந்தால் ‘மக்கள் மனதில் உயர்ந்துவிட்டார்’. குறைந்தது என்றால் ‘தாழ்ந்துபோனார்’. ‘அவருடைய ஸ்டேச்சரில் உள்ள ஆட்டக்காரர்’ என்பதற்கு ‘அவ்வளவு பெரிய ஆட்டக்காரர்’ போதும். கவாஸ்கரை எடுத்துக்கொள்ளுங்கள். உயரம் 5 அடி 5 அங்குலம். 1987இல் டெஸ்டில் 10,000 ஓட்டங்களை முதன்முதலில் தொட்டவர். ‘ஸ்டேச்சரில் சிறியவர்’ என்று ஆங்கிலத்தில் வருவதை அகராதியின் முதல் சொல்லைப் பிடுங்கி ‘அந்தஸ்தில் சிறியவர்’ என்று எழுதினால் அவருக்கு அவமானம். ‘ஆள் குட்டை, ஆட்டத்தில் பெரியவர்’ என்றால் முடிந்தது.

உடல் உயரத்துக்கு ‘வளர்த்தி’ என்ற நல்ல பேச்சுச்சொல்லும் உண்டு: ‘பையன் நல்ல வளர்த்தி’. சபைகளில் இன்றும் வாசிக்கப்படும் பழைய தமிழ் விவிலியத்தைப் பாருங்கள். ஆங்கிலத்தின் 1611 மொழிபெயர்ப்பு ஸ்டேச்சர் என்று ஒரே சொல்லைப் போட்ட மூன்று இடங்களில், சிறுவன் இயேசு ‘வளர்த்தியில்’ பெருகுகிறார், வரி வசூலிப்பவரான சகேயு ‘குள்ளன்’, கவலைப்பட்டு ஒரு முழம் கூட்ட முடியாதது ‘சரீர அளவு’. இடத்துக்கு இடம் வேறு சொல். மூன்றிலும் மூலத்திலுள்ள கிரேக்கச் சொல் ‘ஹெலிகியா’. வளர்த்தி, வயது என்று இரண்டையும் குறிப்பது. அதனால்தான் மூன்றாவது இடத்தைப் பிற்கால மொழிபெயர்ப்புகள் பல ஆயுளைக் கூட்டுவதாக மாற்றிக்கொண்டன. அவர்கள் மூலத்தைப் பார்த்து யோசித்து மாற்றினார்கள். நம்மவர்கள் யோசிக்காமலே அந்தஸ்து போடுகிறார்கள்.

மருத்துவத்தில் வரும் ‘ஷார்ட் ஸ்டேச்சர்’ வசைச்சொல் அல்ல, ஓர் அளவு. ஒரே வயதும் பாலினமும் உள்ள நூறு குழந்தைகளை உயர வரிசையில் நிறுத்தினால் கடைசி மூவருக்குள் வருவது. இதற்கு ‘உயரக் குறைவு’ என்று எழுதலாம். ‘குள்ளத்தன்மை’ வேறு: 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, வளர்ந்தவரின் உயரம் 4 அடி 10 அங்குலம், அதாவது 147 செ.மீ. அல்லது அதற்கும் கீழே இருக்க வேண்டும். குழந்தையின் மருத்துவச் சீட்டில் ஒன்றுக்குப் பதில் மற்றதை எழுதிவிட்டால் பெற்றோர்தான் பதறுவார்கள்.