ஆபத்து என்று தெரிந்தால் வேலையிலிருந்து விலகி நிற்கலாமா?

மெஷினில் சுற்றும் பகுதியை மூடியிருக்கும் தகட்டை யாரோ கழற்றி ஓரமாகச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். அது இருந்தால் வேலை மெதுவாகிறதாம். சூப்பர்வைசர் வந்து, "இன்றைக்கு நீ இதில் நில்" என்கிறார். முடியாது என்று சொல்லலாமா? சொன்னால் வேலை போய்விடுமே என்ற பயம் யாருக்கும் வரும்.

சொல்லலாம். சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1981-இல் கொண்டுவந்த 155-ஆம் உடன்படிக்கையின் 13-வது பிரிவு இதைத்தான் பேசுகிறது. உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடியான, கடுமையான ஆபத்து இருப்பதாக நம்பத் தகுந்த காரணம் இருந்து ஒருவர் வேலையிலிருந்து விலகினால், அதற்காக அவருக்குத் தகாத விளைவு எதுவும் வராமல் பாதுகாக்க வேண்டும். "தகுந்த காரணம்" என்ற சொல்லைக் கவனியுங்கள். விபத்து நடந்தே தீரும் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. கழற்றி வைத்த தகடு கண்ணெதிரே இருக்கிறதே, அது போதுமான காரணம்.

ஆனால் விலகினால் மட்டும் போதாது, உடனே உங்கள் நேரடி மேலதிகாரியிடம் சொல்லவும் வேண்டும். இது 19-வது பிரிவில் வருகிறது. சொன்ன பிறகு, தேவையான இடத்தில் முதலாளி அதைச் சரிசெய்யும்வரை, அந்த ஆபத்து நீடிக்கும் இடத்துக்குத் திரும்பிப் போகச் சொல்ல முடியாது. முடிந்தால் எழுத்திலேயே சொல்லுங்கள். எந்த மெஷின், என்ன குறை, எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள், யாரிடம் சொன்னீர்கள் என்று நாலு வரி போதும். செல்போனில் ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். "இவன் சும்மா வேலைக்கு டிமிக்கி கொடுத்தான்" என்று பிறகு யாராவது சொன்னால், இந்த நாலு வரிதான் உங்களுக்காகப் பேசும்.

தூசி, இரைச்சல், ரசாயன வாடை போல மெல்ல மெல்ல உடம்பைக் கெடுப்பவற்றுக்கு இந்த விலகும் உரிமை எல்லா நேரமும் பொருந்திவிடாது. அதற்கு வேறு வழி உண்டு. தொழிலாளர்களோ அவர்களுடைய பிரதிநிதிகளோ பாதுகாப்பு பற்றிய எதையும் கேட்டு அறியலாம், நிர்வாகம் அவர்களைக் கலந்து பேச வேண்டும். பாதுகாப்புப் பயிற்சியும் தர வேண்டும்.

அப்புறம், காசு விஷயம். ஹெல்மெட், கையுறை, முகமூடிக்குச் சம்பளத்தில் பிடித்தம் செய்வதைப் பலரும் இயல்பாக எடுத்துக்கொள்கிறோம். பாதுகாப்பு ஏற்பாடுகளுக்குத் தொழிலாளி எந்தச் செலவும் செய்யக் கூடாது என்று 21-வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. "ஹெல்மெட்தான் கொடுத்துவிட்டோமே" என்ற பதிலும் என்னைப் பொறுத்தவரை போதாது. முதலில் ஆபத்தையே நீக்கப் பார்க்க வேண்டும். முடியாவிட்டால் அதை மூடித் தடுக்க வேண்டும், வேலை செய்யும் முறையை மாற்ற வேண்டும். அதற்குப் பிறகும் மிஞ்சும் ஆபத்துக்குத்தான் ஹெல்மெட்டும் கையுறையும்.

ஒரே இடத்தில் இரண்டு மூன்று நிறுவனங்கள் வேலை செய்தால், பாதுகாப்புக்காக அவை ஒத்துழைக்க வேண்டும் என்றும் இதே உடன்படிக்கையில் விதி இருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். "நீ எங்கள் ஆள் இல்லை, காண்டிராக்டரிடம் போய்ச் சொல்" என்று உங்களைத் திருப்பி அனுப்பினால், இந்த விதியைச் சொல்லிக் கேளுங்கள்.

சரி, நம் நாடு இந்த உடன்படிக்கையை ஏற்கவில்லை என்றால்? 2022 ஜூனில், பாதுகாப்பான, ஆரோக்கியமான பணிச்சூழலை வேலை சார்ந்த அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சர்வதேச தொழிலாளர் அமைப்பு சேர்த்தது. அதனால் உடன்படிக்கையை ஏற்காத உறுப்பு நாட்டுக்கும் இந்த உரிமையை மதிக்கும் கடமை உண்டு. ஆனால் புகார் கொடுக்கும்போது இந்த உடன்படிக்கையை மட்டும் காட்டினால் வேலைக்கு ஆகாது. உங்கள் நாட்டுத் தொழிலாளர் சட்டத்தில் இதற்கு இணையான பிரிவு எது என்று தொழிற்சங்கத்திடமோ தொழிலாளர் ஆய்வாளரிடமோ கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆபத்து வந்து நிற்கும் அன்றைக்குத் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.