லாகின் ஃபங்ஷனை எங்கே வைப்பது?

இணையதளத்துக்குத் தானியங்கி டெஸ்ட் எழுத உட்கார்ந்தால் முதலில் வந்து நிற்பது லாகின். பெயரை நிரப்பு, பாஸ்வேர்டை நிரப்பு, பட்டனை அழுத்து, முகப்புப் பக்கம் வரும்வரை காத்திரு. நாலே வரி. ஆனால் அந்த நாலு வரி முப்பது கோப்புகளில் கிடக்கும்போது பட்டனின் ஐடி மாறினால் முப்பதையும் திறந்து திருத்த வேண்டும். அதனால் அதை ஒரு ஃபங்ஷனாக்கித் தனிக் கோப்பில் வைத்து, வேண்டிய இடத்தில் இம்போர்ட் செய்கிறோம், அதாவது அங்கே வரவழைத்துப் பயன்படுத்துகிறோம். 2015-இல் ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்குள்ளேயே இந்த வசதி வந்துவிட்டது, பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட்.ஜேஎஸ்ஸில் இதே வேலைக்கான ரெக்வயர் அதற்கு முன்பே இருந்தது.

சரி, இதுவரை சுலபம். ஒரு மாட்யூலை, அதாவது இப்படிப்பட்ட கோப்பை, எத்தனை இடத்திலிருந்து இம்போர்ட் செய்தாலும், பொதுவாக ஒரு ப்ராசஸுக்குள் (ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலுக்குள்) அது ஒரு முறைதான் ஓடும். அப்புறம் கேட்பவர்களுக்கெல்லாம் ஏற்கெனவே ஓடி முடிந்த அதே பிரதிதான் கிடைக்கும். வம்பு இங்கேதான் தொடங்குகிறது.

நேரத்தை மிச்சம் பிடிக்க யாரோ கோப்பின் தலையில் 'லாகின் ஆகிவிட்டதா' என்று ஒரு வேரியபிள் வைக்கிறார். ஆகியிருந்தால் ஃபங்ஷன் ஒன்றும் செய்யாமல் திரும்பிவிடும். பிரவுசரைத் தானாக இயக்கி டெஸ்ட் செய்யும் கருவியான ப்ளேரைட்டில் முதல் டெஸ்ட் லாகின் செய்கிறது, வேரியபிள் 'ஆம்' ஆகிறது. இரண்டாவது டெஸ்ட்டுக்கு ப்ளேரைட் புத்தம்புது பிரவுசர் சூழலைத் தருகிறது. அதில் லாகினை நினைவில் வைக்கும் குக்கீ எதுவும் இல்லை. வேரியபிளோ பழைய 'ஆம்'-இலேயே நிற்கிறது. லாகின் நடக்காது, டெஸ்ட் தோற்கும். தோற்றதும் ப்ளேரைட் டெஸ்ட்டை ஓட்டிய அந்த வொர்க்கர் ப்ராசஸைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைத் தொடங்கும். மாட்யூல் மறுபடி முதலிலிருந்து ஓடும், வேரியபிள் 'இல்லை' ஆகும். மறுமுயற்சி அனுமதித்திருந்தால் அதே டெஸ்ட் இப்போது பாஸ்! ரிப்போர்ட்டில் 'ஃப்ளேக்கி' (ஒரு நேரம் தோற்று, ஒரு நேரம் பாஸாவது) என்று விழும். எல்லாரும் நெட்வொர்க்கைத் திட்டுவார்கள்.

மருந்து எளிது. பொது ஃபங்ஷன் எதையும் நினைவில் வைக்கக் கூடாது. லாகின்(பக்கம், பயனர்) என்று, தேவையானதெல்லாம் அழைப்பவரிடமிருந்தே வரட்டும்.

ஒரு வேலை முடியும்வரை காத்திருக்கச் சொல்லும் அவெய்ட்டும் கவனிக்க வேண்டியது. பொது ஃபங்ஷனுக்குள் ஒரு சரிபார்ப்பின் முன் அவெய்ட் விட்டுப்போனால், சரிபார்ப்பு முடியும் முன்பே டெஸ்ட் முடிந்து, தோற்க வேண்டியதும் பச்சையாகத் தெரியலாம். ஒரே இடத்துப் பிழை, அதை அழைக்கும் டெஸ்ட் அத்தனையையும் பாதிக்கும். இதைப் பிடிக்க, கோடில் பிழை தேடும் கருவியான டைப்ஸ்கிரிப்ட்-ஈஎஸ்லிண்டில் தனி விதியே உண்டு.

கோப்புகளைப் பக்கவாரியாகப் பிரிப்பதே எனக்குப் பிடித்தது: லாகின் பக்கத்துக்கு ஒன்று, கார்ட்டுக்கு ஒன்று. 'யூட்டில்ஸ்' என்று பெயர் வைத்தால் அதில் எது வேண்டுமானாலும் வந்து சேரும். இன்னொன்று: லாகின்(பக்கம், பயனர், ட்ரூ, ஃபால்ஸ்) என்று எழுதினால் கடைசி இரண்டும் எதற்கென்று படிப்பவருக்குத் தெரியாது. அவற்றைப் பெயரோடு ஒரு ஆப்ஜெக்ட்டாக அனுப்பலாம். அதைவிட, இரண்டு தனி ஃபங்ஷன்களாகவே எழுதிவிடலாம்.